கூட்டம் கிடையாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கலைக்கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, அமெரிக்காவின் பென் ஸ்டேட் கல்லூரி ஃபுட்பால் அணி, தன் இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வரச்சொன்ன ஓர் ஆட்டத்தையே ரத்து செய்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன். அன்று மாலை பயிற்சி தொடங்க வெகுநேரம் ஆனது. பேசிக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு மூன்று கேள்விகள். என் அப்பா பட்டாளத்துக்காரர். "பட்டாளத்துல ஒரே கூடாரம், ஒரே சோறு. அங்க போனா எல்லாப் பேதமும் போயிடும்" என்பார். அந்தப் பையன்களும் போரிலிருந்து திரும்பியவர்கள்தானே, அதனால்தான் அப்படி நடந்துகொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? இரண்டாவது, "நாம் பென் ஸ்டேட், கூட்டமெல்லாம் கிடையாது" என்று ஒரு வீரர் சொன்னதாக இணையத்தில் பார்த்தேன். அது நடந்ததா, பிறகு கட்டிய கதையா? மூன்றாவது என் மாணவி ஒருத்தி கேட்டது: அதனால் ஏதாவது மாறியதா, அந்த இரண்டு பேரும் அப்புறம் என்ன ஆனார்கள்? என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கடிதத்துக்கு நன்றி. பயிற்சி தொடங்கத் தாமதமானது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன்.

உங்கள் அப்பா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் பார்த்த பட்டாளத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பையன்கள் போய்வந்த அமெரிக்கப் பட்டாளம் வேறு. அந்தப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் சேவை செய்தார்கள். அவர்களுக்குத் தனிப் படைப்பிரிவு, தனி முகாம், தனிச் சாப்பாட்டுக்கூடம். பெரும்பாலோருக்குத் துப்பாக்கியைவிடச் சரக்கு ஏற்றி இறக்குவதும் லாரி ஓட்டுவதும் சாலை போடுவதும்தான் வேலை. காயம்பட்டவர்களுக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய ரத்தத்தைக்கூட கறுப்பர் ரத்தம், வெள்ளையர் ரத்தம் என்று பிரித்து வைத்தார்கள். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிட்ட ராணுவத்தின் ரத்த பாட்டிலில் இனம் எழுதியிருந்தது. ராணுவத்தில் இந்தப் பிரிவினையை ஒழிக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் பிறப்பித்தது 1948 ஜூலை 26-ல். நாம் பேசப்போகும் டல்லாஸ் ஆட்டம் அதற்கு ஏழு மாதம் முந்தியது. ஆக, பட்டாளத்திலிருந்து இந்தப் பாடத்தை அவர்கள் கொண்டுவந்திருக்க முடியாது. பட்டாளமே அதை இன்னும் படித்திருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வில்மெத் சிடாட்-சிங். பெயரைப் பார்த்தால் பஞ்சாபி என்று தோன்றும். வாஷிங்டனில் பிறந்த கறுப்பினப் பையன் அவர். தந்தை இறந்தபின் தாய் மறுமணம் செய்துகொண்டது இந்தியாவிலிருந்து மருத்துவம் படிக்க வந்த சாமுவேல் சிடாட்-சிங்கை. அந்தப் பெயர்தான் பையனுக்கும் வந்தது. சிரக்யூஸ் பல்கலைக்கழக அணியில் பந்தெறிவதில் கெட்டிக்காரர். பத்திரிகைகள் அவரை 'ஹிந்து' என்று எழுதின, கல்லூரியும் திருத்தவில்லை. 1937-ல் மேரிலாந்துக்கு ஆடப் போனபோது அவர் கறுப்பினத்தவர் என்ற செய்தி வெளியானது. மேரிலாந்து ஆட்சேபித்தது, சிரக்யூஸ் அவரை உட்கார வைத்துவிட்டு ஆடி 13-0 என்று தோற்றது. அடுத்த ஆண்டு அதே மேரிலாந்துடன் அவர் இறங்கினார், சிரக்யூஸ் 53-0 என்று ஜெயித்தது. பிறகு டஸ்கீகியில் கறுப்பின விமானிகளின் பிரிவில் சேர்ந்தார். 1943 மே மாதம் பயிற்சிப் பறத்தலில் எஞ்சின் பழுதாகி ஹூரான் ஏரியில் விழுந்து இறந்துபோனார். இந்தியன் என்று நினைத்தவரை ஆடலாம், கறுப்பன் என்று தெரிந்ததும் ஆடக்கூடாது. அதே உடம்பு, அதே கை. இதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிடாட்-சிங்குக்கு நடந்தது தனிப்பட்ட ஒரு கல்லூரியின் தவறு என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைய வழக்கமே அது. வடக்கத்திய கல்லூரி ஒன்று தெற்கத்திய கல்லூரியுடன் ஆட்டம் ஒப்புக்கொண்டால், கறுப்பின வீரர் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிவர மாட்டோம் என்பது பேசாமலே புரிந்துகொள்ளப்பட்ட விஷயம். எதுவும் எழுத்தில் இருக்காது. 'பையனின் பாதுகாப்புக்காக' என்பார்கள், 'விருந்தோம்புபவர்களின் பழக்கத்தை மதிக்க வேண்டாமா' என்பார்கள். பாஸ்டன் கல்லூரியின் லூ மான்ட்கோமரியால் 1940 புத்தாண்டு அன்று டல்லாஸில், பருவம் முடிந்தபின் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் 'பவுல்' ஆட்டங்களில் ஒன்றான காட்டன் பவுலில் ஆட முடியவில்லை. 1941 புத்தாண்டில் நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல், அங்கும் இல்லை. இரண்டு ஆண்டும் அணியை அவ்வளவு தூரம் ஏற்றிவிட உழைத்தவர்களில் அவரும் ஒருவர். நியூயார்க் பல்கலைக்கழகம் 1940-ல் மிசௌரி ஆட்டத்துக்கு லெனர்ட் பேட்ஸை விட்டுவிட்டுப் போனது. அங்கே மாணவர்கள் சும்மா இருக்கவில்லை, ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அதில் முன்னால் நின்ற ஏழு பேரை நிர்வாகம் இடைநீக்கம் செய்தது. அறுபது ஆண்டு கழித்து, 2001-ல், அதே பல்கலைக்கழகம் அந்த ஏழு பேரையும் விருந்து வைத்துக் கௌரவித்தது. நியாயம் மெதுவாகத்தான் வருகிறது.

சரி, போர் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் அது இல்லை. வயதிலும் பணத்திலும் இருக்கிறது.

1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஒரு சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்றது. ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்லூரிக் கட்டணம். 1945 கடைசியில் கூட்டிக்கொடுத்தபின், தனியாளுக்கு மாதம் 65 டாலர், குடும்பஸ்தருக்கு 90 டாலர். கல்லூரி வாசலையே மிதித்திராத குடும்பங்களின் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். அந்தச் சட்டத்தின்கீழ் மொத்தம் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரி போனார்கள். பென்சில்வேனியாவின் நடு மலைப்பகுதியில் இருந்த பென் ஸ்டேட்டில் இடமே போதவில்லை. புதிதாக முதலாண்டு சேர்ந்தவர்களை வேறு கல்லூரிகளுக்கு அனுப்பி அங்கே ஓராண்டு படிக்க வைத்தார்கள். கல்யாணமான முன்னாள் வீரர்களுக்கு வளாகத்தின் ஓரத்தில் டிரெய்லர் வண்டிகளை வரிசையாக நிறுத்தி வீடாக்கினார்கள். அந்தச் சந்தில் துணி காயப்போட்டுவிட்டு, குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடும் மாணவனை நினைத்துப் பாருங்கள். ஃபுட்பால் அணியில் இருந்தவர்களில் பலர் அப்படிப்பட்ட ஆட்கள். பள்ளி முடித்துவிட்டு நேரே வந்த பதினெட்டு வயதுப் பையன்கள் அல்ல.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அன்றைய பென் ஸ்டேட்டில் விளையாட்டு உதவித்தொகை என்பதே கிடையாது. 1920-களின் கடைசியில் நிறுத்தியதை 1949-ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். முன்னாள் வீரனின் செலவை அரசு பார்த்துக்கொள்கிறது, அவன் பயிற்சியாளர் தயவில் படிக்கவில்லை. 'ஆட வரவில்லை என்றால் உன் சீட்டைப் பார்த்துக்கொள்' என்று யாரும் மிரட்ட முடியாது. விளையாட்டுத் துறையில் இருக்கும் உங்களுக்கு இதன் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும். கோட்டாவில் சீட் வாங்கி, விடுதிக் கட்டணம் தள்ளுபடியாகிப் படிக்கும் ஒரு பிள்ளை எதை எதிர்த்துப் பேச முடியும்? போர் அந்தப் பையன்களுக்கு நியாயத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. நியாயமாக நடந்துகொண்டால் நடுத்தெருவுக்கு வந்துவிட மாட்டோம் என்ற நிலைமையைக் கொடுத்தது. மற்றது அவர்களே செய்தது.

இப்போது 1946-க்கு வருகிறேன். அந்த நவம்பரில் நாடே பார்த்தது வேறோர் ஆட்டத்தை. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ராணுவக் கல்லூரியும் நோட்ர டாமும் மோதின. 74,000-க்கும் மேற்பட்ட கூட்டம், முடிவு 0-0. நோட்ர டாமின் ஜானி லூஜாக் கடற்படையிலிருந்து திரும்பியவர், எதிரணியின் பிளான்சர்டை வெட்டவெளியில் தனியாளாக மடக்கி வீழ்த்தினார். இன்றும் அதைப் பேசுகிறார்கள். பேசட்டும், அருமையான ஆட்டம். ஆனால் எனக்கு அந்தப் பருவத்தின் பெரிய ஆட்டம், நடக்காமல் போன ஒன்று.

வாலி டிரிப்லெட் பிலடெல்பியாவை ஒட்டிய லா மாட் என்ற சிற்றூர்க்காரர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கறுப்பினப் படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த வில்லியம் பென் முகாம் இருந்த அதே இடம். சுற்றுவட்டாரம் வசதியான வெள்ளையர் பகுதி. பள்ளியில் அவர் ஆட்டத்தைக் கேள்விப்பட்ட மயாமி பல்கலைக்கழகம், ஊர் முகவரியைப் பார்த்து வெள்ளையர் என்று நினைத்து, உதவித்தொகை தருவதாகக் கடிதம் எழுதியது. தான் கறுப்பினத்தவன் என்று டிரிப்லெட் பதில் எழுதினார். அந்த உதவித்தொகை திரும்பப் பெறப்பட்டது. பிறகு, படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகையில் 1945-ல் பென் ஸ்டேட்டில் சேர்ந்தார். 1946 அணியில் அவரோடு டென்னி ஹாகர்ட் என்ற இன்னொரு கறுப்பின வீரரும் இருந்தார். அந்த ஆண்டு பட்டியலில், நவம்பர் கடைசியில், ஃபுளோரிடாவில் ஓர் ஆட்டம். எதிரணி மயாமி.

மயாமியிலிருந்து வந்த சேதி எதிர்பார்த்ததுதான். அந்த இருவரையும் கூட்டிவர வேண்டாம். பென் ஸ்டேட் அணி கூடி வாக்கெடுத்தது. போவதில்லை என்பது ஒருமனதான முடிவாக வந்தது. அணியில் உள்ள எல்லோரும் ஆட முடிகிற இடத்தில் மட்டுமே ஆடுவது எங்கள் கொள்கை என்று கல்லூரி அறிவித்தது. ஆட்டம் ரத்து. பனி விழத் தொடங்கிவிட்ட மலைக்கல்லூரிப் பையன்களுக்கு நவம்பர் கடைசியில் மயாமி கடற்கரை எவ்வளவு பெரிய ஆசையாக இருந்திருக்கும்!

இதற்காக அந்த ஊரைக் கோயிலாக்கிவிடவும் கூடாது. கல்லூரி இருந்த ஸ்டேட் காலேஜ் என்ற அந்த ஊரில் கறுப்பின மாணவர்கள் பலர் விடுதியில் தங்காமல் லிங்கன் ஹால் என்ற தனி வீட்டில் தங்க வேண்டியிருந்தது. ஊர் சலூன்களில் அவர்களுக்கு முடிவெட்ட மறுத்தார்கள். 1948-ல் மாணவர்கள் அதை எதிர்த்துப் போராட வேண்டி வந்தது. சனிக்கிழமை மைதானத்தில் கைதட்டிய ஊர், திங்கட்கிழமை முடிவெட்ட மாட்டேன் என்றது.

அந்த வாக்கெடுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் அதில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. கூட ஆடுகிற இரண்டு பேரின் இடம் கைதூக்கி முடிவுசெய்கிற விஷயமானது. முடிவு நல்லதாக வந்தது, சரி. ஆனால் மற்ற யாருடைய இடத்துக்கும் அன்று வாக்கெடுப்பு இல்லை. அதனால்தான் அடுத்த ஆண்டு நடந்ததை இதைவிடப் பெரியது என்கிறேன்.

1947 பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உங்கள் பையன்களுக்குப் பிடிக்கும். நம் கால்பந்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, அதன்பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னொரு புள்ளி.

பயிற்சியாளர் பாப் ஹிக்கின்ஸ் முதல் உலகப்போரில் பிரான்சில் இருந்தவர். 1930 முதல் அதே கல்லூரியில் பயிற்சியாளர். போர் பார்த்த கிழவர் ஒருவர், போர் பார்த்த இளைஞர்களை நடத்துகிறார். முன்வரிசையில் ஸ்டீவ் சூஹி. 1942-ல் இதே அணியில் ஆடி, பசிபிக்கில் விமானப்படையில் இருந்துவிட்டு 1946-ல் திரும்பியவர். பிற்பாடு ஹிக்கின்ஸின் மகளையே கல்யாணம் செய்துகொண்டார். பந்தெறிய எல்வுட் பெட்செல், குள்ளமான ஆள், வேகமான கால். டிரிப்லெட் பந்தோடு ஓடுவார், தடுப்பிலும் நிற்பார்.

அந்த அணி ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதையும் ஜெயித்தது. அடித்தது 319 புள்ளி, விட்டுக்கொடுத்தது வெறும் 27. ஆறு ஆட்டங்களில் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஃபோர்டமை 75-0 என்று அடித்தது செய்திதான். ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள் சொல்வது சிரக்யூஸ் ஆட்டத்தை. 40-0 என்ற ஸ்கோரைவிட வியப்பான கணக்கு ஒன்று அதில் இருக்கிறது: சிரக்யூஸ் அன்று பந்தோடு ஓடிச் சேர்த்த தூரம் மொத்தம் மைனஸ் 107 கஜம். பந்தெறிய நின்றவரை எறியவிடாமல் பின்னுக்குத் தள்ளி வீழ்த்தியதும் இந்தக் கணக்கில் சேரும். ஓர் அணி ஆட்டம் முழுக்க முட்டிமோதி, புறப்பட்ட இடத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பருவம் முழுவதற்கும் சராசரி பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கு 17 கஜம்தான் எதிரணிகளால் ஓட முடிந்தது. ஒருவனுக்கு இடதுபக்கம் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்காமல் தெரிந்திருந்தால்தான் இப்படி ஒரு சுவர் எழும்பும். மாலைதோறும் சேற்றில் சேர்ந்து புரள்வதால் வருகிற பழக்கம் அது. பட்டாளம் கொடுக்காததை இந்தப் பருவம் கொடுத்தது என்பது என் துணிபு.

தோல்வியே இல்லாத அணி என்றதும் டல்லாஸிலிருந்து காட்டன் பவுல் அழைப்பு வந்தது. எதிரணி அந்த ஊரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். அவர்களும் தோற்காதவர்கள், அணியில் டோக் வாக்கர் என்ற நட்சத்திரம். டெக்ஸாஸில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மைதானத்தில் இறங்கும் பழக்கம் இல்லை. இரண்டு கறுப்பின வீரர்களைப் பற்றிப் பேச வேண்டும், கூட்டம் போடலாமா என்ற பேச்சு எழுந்தது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. சூஹி எழுந்து, "நாம் பென் ஸ்டேட். கூட்டமெல்லாம் கிடையாது" என்றார் என்பது பின்னாளில் டிரிப்லெட் ஊர் ஊராகச் சொன்னது. அவர் உடனிருந்தவர், அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் இன்று ஒரு லட்சம் பேர் அமரும் அந்தக் கல்லூரி மைதானத்தில் ஒரு பக்கம் "நாங்கள்!" என்று கத்த, மறுபக்கம் "பென் ஸ்டேட்!" என்று பதில் வருகிறதே, அந்த முழக்கம் சூஹியின் வாயிலிருந்து நேரே வந்தது என்று சொல்வது பொருந்தாது. அது 1970-களின் கடைசியில் உற்சாகக் குழுவினர் பழக்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இணையத்தில் சூஹியை அணித்தலைவர் என்றும் எழுதுகிறார்கள். அவர் அந்த ஆண்டு தலைவரும் அல்ல. எனக்கு அது இன்னும் நல்லதாகப் படுகிறது. பதவியில் இல்லாத ஒருவன், வரிசையில் நிற்பவன், சொன்ன சொல் அது.

முந்தைய ஆண்டு கைதூக்கியவர்கள் இந்த ஆண்டு கைதூக்க மறுத்துவிட்டார்கள். டிரிப்லெட்டும் ஹாகர்டும் ஆடுவார்களா என்பது கேள்வியாக இல்லாமலே போய்விட்டது. ஓராண்டில் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். உங்கள் மாணவர்களுக்குச் சொல்வதானால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். வாக்கெடுப்பை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். சதர்ன் மெதடிஸ்ட் பயிற்சியாளர் மேட்டி பெல், கறுப்பின வீரர்களோடு ஆட எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆட்டமே நடந்திருக்காது. ஆனால் ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. டல்லாஸில் இப்படி ஓர் அணியை ஒன்றாகத் தங்கவைக்க ஹோட்டல் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே கடற்படை விமானத்தளத்தில் இடம் கொடுத்தார்கள். போர் முடிந்தது, இனி பாரக் கட்டிலில் படுக்க வேண்டாம், பட்டாளச் சோறு தின்ன வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தவர்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு மறுபடி அதே பாரக்கில் போய்ப் படுத்தார்கள். முணுமுணுப்பு இருந்தது. கல்யாணமானவர்களுக்கு இருக்காதா? ஆனாலும் பிரிந்து தங்கவில்லை. வாக்கெடுப்பைவிட இந்தக் கட்டில்கள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஒரு நாள் கைதூக்கிவிடலாம். நாள்கணக்கில் அசௌகரியத்தைப் பொறுப்பது வேறு.

1948 ஜனவரி 1. காட்டன் பவுல் வரலாற்றில் முதன்முறையாகக் கறுப்பின வீரர்கள் இறங்கினார்கள். எட்டு ஆண்டுக்கு முன் லூ மான்ட்கோமரிக்கு இடமில்லாமல் போன அதே ஆட்டம். வாக்கர் நீளமாக எறிந்த ஒரு பந்தில் ஒன்று, தானே ஓடி இன்னொன்று என்று சதர்ன் மெதடிஸ்ட் 13-0 முன்னால் போனது. இரண்டாவதற்குப் பின் உதைத்த உதை தவறியது. பாதி ஆட்டம் முடியும் தறுவாயில் பெட்செல் எறிந்து லாரி கூனி பிடித்து 13-7. மூன்றாம் கால்பகுதியில் ஆறு கஜத்திலிருந்து பெட்செல் எறிந்ததை எல்லைக்கோட்டுக்குள் பிடித்தவர் வாலி டிரிப்லெட். 13-13. முன்னால் போக ஓர் உதை போதும். அதுவும் தவறியது. கடைசிப் பந்து, நேரம் முடிகிறது, பெட்செல் எறிகிறார். எல்லைக்குள் நின்ற டென்னி ஹாகர்டிடம் போய்ச் சேர்கிறது, ஆனால் கையில் நிற்கவில்லை. அவர் அதைப் பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது. 13-13 என்றே முடிந்தது. இரண்டு அணியும் தோற்காத அணியாகவே பருவத்தை முடித்தன.

உங்கள் மாணவி கேட்டதற்கு வருகிறேன். ஏதாவது மாறியதா? உடனே பெரிதாக எதுவும் மாறவில்லை என்பதுதான் உண்மையான பதில். சதர்ன் மெதடிஸ்ட் இடம்பெற்றிருந்த தென்மேற்குக் கூட்டமைப்பின் அணிகளில் கறுப்பின வீரர்கள் களமிறங்க 1966 வரை ஆனது. அந்த ஆண்டு சதர்ன் மெதடிஸ்டுக்காகவே ஆடிய ஜெரி லெவையஸ் அந்த முதல் சிலரில் ஒருவர். பதினெட்டு ஆண்டு. ஆனால் ஏதும் மாறாது என்று தெரிந்திருந்தாலும் அவர்கள் மயாமிக்குப் போயிருக்க மாட்டார்கள். தெற்கை மாற்ற வேண்டும் என்று அவர்கள் கிளம்பவில்லை. கூட ஆடுகிறவனை விட்டுவிட்டுப் பேருந்து ஏற மாட்டோம் என்றார்கள். அந்தப் பெண் இதை ஒப்புக்கொள்ளாமல் வாதாடினால் வாதாடவிடுங்கள், அவள் கேள்வி நல்ல கேள்வி.

டிரிப்லெட்டை 1949-ல் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கும் தேர்வில் எடுத்தது. அப்படித் தேர்வாகி என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். 1950 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக, எதிரணி உதைத்த பந்தை நான்கு முறை பிடித்துத் திரும்ப ஓடி 294 கஜம் சேர்த்தார். அதில் ஒன்று 97 கஜம், நேரே எல்லைக்கோடு வரை. ஓர் ஆட்டத்துக்கான அந்தச் சாதனையை முறியடிக்க 1994 வரை ஆனது. அந்த ஓட்டத்துக்குப் பின் அதிக நாள் ஆகவில்லை, கொரியப் போருக்காகப் பட்டாளத்தில் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து சிகாகோ கார்டினல்ஸில் சிறிது காலம் ஆடினார். 2018 நவம்பரில் 92 வயதில் காலமானார். ஹாகர்டைப் பற்றிக் கேட்டால், டல்லாஸில் அந்தக் கடைசிப் பந்துக்கு நின்றவர் என்பதையே முதலில் சொல்லுங்கள்.

லயன்ஸில் டிரிப்லெட் 97 கஜம் ஓடிய அந்த 1950-ல் அணிக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். டல்லாஸில் எதிரே நின்ற டோக் வாக்கர். இருவருக்கும் இப்போது ஒரே சட்டை.

அன்புடன்,
ஆசிரியர்